பிக்கப் ட்ரக்க பனிக்கு ரெடி பண்றது: கால்கரில நம்ம பசங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க

கனடால இருக்குற கால்கரிக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு, அதுல ஒம்பது வருஷமா பிக்கப்தான் ஓட்டுறேன். ட்ரைவால், டைல்ஸ் வேலை பாக்குறவன், ட்ரக் நின்னா பொழப்பு நின்னுடும். வருஷா வருஷம் செப்டம்பர் கடைசில புதுசா ட்ரக் வாங்குன பசங்க யாராவது போன் அடிச்சு அதே கேள்விகளைக் கேப்பாங்க, வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை வத்திப் போச்சு, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். நான் மெக்கானிக் இல்ல. ஓட்டி அடிபட்டவன், அவ்ளோதான்.

அண்ணா, இவ்ளோ பெரிய வண்டி, கார விட பனில சேஃப் தானே?

இல்லப்பா. இதத்தான் முதல்ல மண்டைல ஏத்திக்கணும். ஊர்ல காலி லாரிய பாத்திருப்பீங்கல்ல, லோடு ஏத்துன லாரி ரோட்ட புடிச்சு உக்காந்து போகும், காலி லாரி சின்ன பள்ளத்துக்கே குதிக்கும். பிக்கப்பும் அதே ஜாதிதான். எஞ்சின், கேபின், ஆளுங்க எல்லாம் முன்னாடி, பின்னாடி வெறும் தகரத் தொட்டி. ஆனா வண்டியத் தள்ளுறது பின் சக்கரம். பாரமே இல்லாத சக்கரத்துக்கு பவர் குடுத்தா பனில என்ன ஆகும், சும்மா சுத்தும், பின்பக்கம் வாலாட்டும்.

என் முதல் ட்ரக் டூ வீல் டிரைவ், அதுவும் ஆல் சீசன் டயரு. நவம்பர்ல ஒரு காலைல சிக்னல்ல லெஃப்ட் எடுக்குறேன், வேகம் இருபது கூட இருக்காது, கொஞ்சம் ஆக்சிலேட்டர் மிதிச்சேன், அடுத்த செகண்ட் எதுத்தாப்ல நிக்கிற பஸ் டிரைவர் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்துட்டு நிக்கிறேன். வண்டி அப்டியே திரும்பிடுச்சு. யார் மேலயும் இடிக்கல, அது என் அம்மா செஞ்ச புண்ணியம். பஸ் டிரைவர் தலைய மட்டும் மெதுவா ஆட்டுனாரு, அந்தத் தலையாட்டல் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

என்னோடது ஃபோர் பை ஃபோர். அப்புறம் எதுக்கு விண்டர் டயருக்கு ஆயிரம் டாலருக்கு மேல போடணும்?

ஃபோர் வீல் டிரைவ் வண்டிய கெளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டிலயும் நாலு சக்கரத்துக்கும் இருக்கு, மாருதி 800லயும் நாலு சக்கரத்துக்குத்தான். நிக்கிறது டயர் ரப்பரும் ரோடும் சம்பந்தப்பட்ட விஷயம். இன்னும் சொல்லப்போனா ஃபோர் பை ஃபோர்காரன்தான் அதிகமா மாட்டுவான், ஏன்னா கெளம்பும்போது வழுக்காது, ரோடு நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சு வேகம் புடிச்சிடுவான், பிரேக் போடும்போதுதான் கீழ கண்ணாடின்னு தெரியும். பனி பெஞ்ச மறுநாள் ஹைவே 2ல எட்மன்டன் பக்கம் போய்ப் பாருங்க, நடுப்பள்ளத்துல கெடக்குற வண்டில பிக்கப்பும் எஸ்யூவியும் எத்தனைன்னு எண்ணிக்கிட்டே போலாம்.

காசு ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும்தான் இருக்குன்னா, லிஃப்ட் கிட், லைட் பார், ஸ்டிக்கர் எல்லாத்தையும் தள்ளி வச்சிட்டு டயர் போடுங்க.

டயர்ல எம் ப்ளஸ் எஸ்னு போட்டிருக்கே, அது போதாதா?

அது மட், ஸ்னோ, அதாவது சேறு, பனினு போட்ட எழுத்துதான். டயர் பட்டன், அதாவது ரோட்ட தொடுற ரப்பர் மேடு, அதோட அமைப்ப வச்சு கம்பெனியே போட்டுக்குற முத்திரை, பனில ஓட்டிப் பாத்து குடுக்குறது இல்ல. நீங்க தேட வேண்டியது வேற, டயர் பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலை படம், அதுக்குள்ள ஒரு பனிப்பூ. அந்த படம் இருந்தா பனில ஒரு டெஸ்ட் பாஸ் பண்ண டயருன்னு அர்த்தம்.

விஷயம் ரப்பர்லதான் இருக்கு. சாதா ஆல் சீசன் ரப்பர் சுமாரா 7 டிகிரிக்குக் கீழ வெறைக்க ஆரம்பிச்சிடும், மைனஸ் 20ல நம்ம ஊரு பழைய ஹவாய் செருப்பு மாதிரி கட்டையாயிடும். விண்டர் டயர் அந்தக் குளிர்லயும் கொழகொழன்னு இருந்து ரோட்ட கவ்வும். பட்டன்ல சின்னச் சின்ன கீறல் நிறைய வெட்டியிருப்பான் பாருங்க, அதுதான் பனிய கடிக்கிறது. பாக்க முரட்டுத்தனமா இருக்குற மட் டயர் இருக்கே, சேத்துக்கு ராஜா, ஆனா ஐஸ்ல பரிதாபம், பெரிய பெரிய கட்டையா பட்டன், கீறலே இருக்காது.

ஆல் வெதர்னு ஒண்ணு வருது, அதுல அந்த மலை படமும் இருக்கும், வருஷம் பூரா போட்டுக்கலாம். டொரோன்டோ மாதிரி ஊருக்கு, சிட்டிக்குள்ள மட்டும் ஓட்டுறவங்களுக்கு நல்ல சாய்ஸ். இங்க மைனஸ் 30ல ஹைவே ஓட்டுறவனுக்கு நான் அசல் விண்டர் டயர்தான் சொல்வேன்.

நாலும் ஒரே மாதிரி போடணும். பின்னாடி ரெண்டு மட்டும் போட்டா வண்டி போகும், ஆனா திரும்பாது, முன்னாடி மட்டும் போட்டா திரும்பும், ஆனா வாலு உங்கள முந்தும். லோடு அடிக்கிற வண்டின்னா டிரைவர் கதவு ஓரத்துல இருக்குற ஸ்டிக்கர் பாத்து அதே லோடு ரேட்டிங்ல வாங்குங்க. தனி ரிம்மோட வாங்கிட்டா வருஷத்துக்கு ரெண்டு தடவ கடைல கியூ நிக்க வேணாம், வீட்லயே ஜாக்கி வச்சு மாத்திக்கலாம். மாத்துனா 100 கிலோமீட்டர் போனதும் வீல் நட்ட ஒரு தடவ திருப்பி டைட் பண்ணிடுங்க, மறக்காதீங்க.

காலைல டேஷ்போர்டுல டயர் லைட் எரியுது, பஞ்சரா?

பெரும்பாலும் இல்ல, குளிர்ல காத்து சுருங்குது. சுமாரா 5, 6 டிகிரி எறங்குனா ஒரு பிஎஸ்ஐ கொறையும். சூடான கராஜ்ல 35 வச்சுட்டு மைனஸ் 30ல வெளிய நிறுத்தினா 26, 27தான் காட்டும். அதனால வெளிய ராத்திரி நின்ன வண்டில, காலைல ஓட்டுறதுக்கு முன்ன பாத்து, கதவு ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்கு அடிங்க. காத்த கொறச்சா கிரிப் கூடும்னு ஒருத்தன் சொல்வான், அது மணல்லயும் ஆழமான பனிலயும் மெதுவா ஊர்ந்து போறப்ப சரி, ஹைவேக்கு அந்த வேலையே வேணாம்.

பின்னாடி மணல் மூட்டை போடணுமாமே, உண்மையா?

உண்மைதான், ஆனா எங்க போடுறோம்கிறதுலதான் எல்லாம் இருக்கு. குளிர்காலம் வந்தா ஹார்ட்வேர் கடை வாசல்லயே நீளமா தலகாணி மாதிரி மணல் மூட்டை அடுக்கி வச்சிருப்பான், ஒண்ணு இருபத்தஞ்சு முப்பது கிலோ இருக்கும். ஹாஃப் டன்னு சொல்ற சாதா சைஸ் பிக்கப்புக்கு நாலஞ்சு மூட்டை, அதாவது நூறு நூத்தம்பது கிலோ, போதும். டூ வீல் டிரைவ்னா கட்டாயம் போடுங்க, ஃபோர் பை ஃபோர்னா கொஞ்சம் கொறச்சுக்கலாம்.

தொட்டிக்குள்ள ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேல உப்பி நிக்கும்ல, அதுக்கு நடுவுல, பின் ஆக்சிலுக்கு நேர் மேல, இல்ல ஒரு ஜாண் முன்னாடி தள்ளி வைங்க. எறக்குறது ஈசின்னு டெயில் கேட், அதாவது தொட்டியோட பின் கதவு, அது ஓரத்துல வச்சீங்கன்னா தராசு மாதிரி பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாயிடும், அதுக்கு வைக்காமலே இருந்திருக்கலாம். அப்புறம் கட்டணும். நான் ரெண்டு இஞ்சுக்கு ஆறு இஞ்சு பலகைய குறுக்க வெட்டி தொட்டி சைடுல இருக்குற பள்ளத்துல சொருகி, முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு, நடுவுல மூட்டைய அடுக்கி மேல ராட்செட் ஸ்ட்ராப் போட்டு இறுக்கிடுவேன். கட்டாம விட்டா சடன் பிரேக்ல அந்த மூட்டை கேபின் பின் கண்ணாடிக்கு வரும். காங்கிரீட் கல்லு, பழைய எஞ்சின் பிளாக்கு எல்லாம் போடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். மணல்னா மாட்டிக்கிட்டா மூட்டைய கிழிச்சு டயருக்கு அடியிலயும் தூவிக்கலாம்.

பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆமா. டூல் பாக்ஸ், டைல்ஸ் எல்லாம் தெனமும் ஏத்துறவங்க அந்த எடையையும் கணக்குல சேத்துக்கங்க.

மணலுக்கு எதுக்கு காசு, தொட்டில விழுற பனியையே விட்டுட்டா பாரமாச்சே?

புத்திசாலித்தனமான கேள்வி, நானும் பண்ணிருக்கேன். புதுப்பனி பஞ்சு மாதிரி, எடையே கெடையாது. ஹைவேல போனா பறந்து பின்னாடி வர்றவன் கண்ண மறைக்கும். ஒரு நாள் சினூக் அடிக்கும், அதாவது ராக்கி மலைலேந்து எறங்குற சூடான காத்து, சில மணி நேரத்துல இருபது டிகிரி ஏறிடும், பனி உருகி தண்ணியாகும், ராத்திரி மறுபடி உறையும். காலைல தொட்டிக்குள்ள ஒரே பாளமா ஐஸ், டெயில் கேட்டும் அதோட ஒட்டி ஒண்ணாயிடும். நான் அன்னிக்கு சுத்தியலும் உளியும் வச்சு சிற்பி மாதிரி செதுக்கிட்டு இருந்தேன், பக்கத்து வீட்டு தாத்தா காபி குடிச்சுக்கிட்டே ஜன்னல்ல நின்னு ஃபுல்லா பாத்தாரு.

ஃபோர் பை ஃபோர் ஸ்விட்ச்ல ஃபோர் ஹை, ஃபோர் லோ, ஆட்டோன்னு இருக்கே... எப்ப எது?

ரோடு காஞ்சிருந்தா டூ வீல். பனி மூடுன ரோடு, ஐஸ்னா ஃபோர் ஹை. ஃபோர் லோ மாட்டிக்கிட்டு வெளிய வரவும், செங்குத்தா மெதுவா எறங்கவும் மட்டும், நடந்து போற வேகத்துல. ஆட்டோ இருந்தா, கொஞ்சம் பனி கொஞ்சம் காஞ்ச ரோடுன்னு மாறி மாறி வர்ற நாளுக்கு அதுதான் பெஸ்ட்.

ஆட்டோ இல்லாத வண்டில ஃபோர் ஹை போட்டுட்டு காஞ்ச ரோட்ல ஓட்டாதீங்க. திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் சுத்தணும், ஆனா உள்ள ரெண்டையும் ஒண்ணாப் பூட்டியாச்சு, எங்கயாவது ஒண்ணு வழுக்கித்தான் ஆகணும். பனில தானா வழுக்கிடும், காஞ்ச தார்ல வழுக்காது, பார்க்கிங்ல திருப்பும்போது வண்டி கடகடன்னு குதிச்சு இழுக்கும் பாருங்க, அதான் அது. முன்னுக்கும் பின்னுக்கும் பவர் பிரிச்சுக் குடுக்குற டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சுன்னா பர்ஸ் காலி. இன்னொண்ணு, பனி வர்றதுக்கு முன்னாலயே செப்டம்பர்ல ஒரு மண்ரோட்டுல போட்டுப் பாத்துடுங்க, ஆறு மாசம் தொடாத ஸ்விட்ச் தேவைப்படுற அன்னிக்குத்தான் வேலை செய்யாது.

கிரில்லுக்கு முன்னாடி ஒரு பிளக் தொங்குதே, எலக்ட்ரிக் வண்டியா இது?

ஹாஹா, எல்லாரும் வந்த புதுசுல கேக்குறதுதான். அது பிளாக் ஹீட்டர். எஞ்சின் கூலன்ட்ட, அதாவது எஞ்சின் சூட்டத் தணிக்க உள்ள ஓடுற திரவத்த, சூடு பண்ற ஹீட்டர், வீட்டு கரன்ட்ல சொருகணும். மைனஸ் 15க்குக் கீழ போச்சுன்னா சொருகுங்க, ராத்திரி பூரா வேணாம், கெளம்புறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்ன போதும். வெளிய போடுற டைமர் ஒண்ணு வாங்கி விடியக்காலம் மூணு மணிக்கு ஆன் ஆகுற மாதிரி வச்சிடுங்க. எக்ஸ்டென்ஷன் வயரும் வெளிய போடுற தடி வயரா இருக்கணும், ஹீட்டர் ஏறக்குறைய அயர்ன் பாக்ஸ் மாதிரி கரன்ட் இழுக்குற சாமான், வீட்டுக்குள்ள லேம்புக்கு போடுற மெல்லிசு வயர் சூடாகி உருகிடும்.

யூஸ்டு ட்ரக் வாங்குனா, அதுவும் அமெரிக்காவுலேந்து வந்த வண்டின்னா, ஹீட்டர் இருக்கான்னு மொதல்ல பாருங்க, சில வண்டில வயர் மட்டும் இருக்கும், உள்ள எரிஞ்சு போயிருக்கும். சொருகிட்டு காது குடுத்து கேட்டா லேசா சீறுற சத்தம் வரும்.

சொருகுனத மறந்துட்டு வண்டிய எடுத்தா? எடுத்தேன். வயரு, டைமரு, சுவத்து பிளக் பாயின்ட் மூடி, மூணும் பின்னாடியே கல்யாண வண்டில டப்பா கட்டுன மாதிரி தெரு முனை வரைக்கும் வந்துச்சு. இப்ப கதவு கைப்பிடில ஒரு செவப்புத் துணி கட்டிடுவேன்.

செல்ஃப் எடுக்கல, உர்ர் உர்ர்னு இழுக்குது. பேட்டரியா, ஆயிலா?

ரெண்டும் சேந்தும் இருக்கலாம். மைனஸ் 18ல பேட்டரி தெம்பு பாதிக்கிட்ட எறங்கிடும், அதே நேரத்துல ஆயில் தேன் மாதிரி கெட்டியாகி எஞ்சின சுத்த ரெட்டிப்பு தெம்பு கேக்கும். பேட்டரி மேல கோல்டு கிராங்கிங்னு ஒரு நம்பர் இருக்கும், அது அந்த மைனஸ் 18ல அளந்த நம்பர்தான், மேனுவல்ல சொன்னதுக்குக் கொறயாம வாங்குங்க. நாலஞ்சு வருஷமான பேட்டரின்னா அக்டோபர்லயே கடைல டெஸ்ட் பண்ணிடுங்க, நிறைய கடைல சும்மாவே பாத்துத் தருவாங்க.

ஆயில்ல 5டபிள்யூ, 0டபிள்யூன்னு வர்ற டபிள்யூ விண்டர்தான். மேனுவல் அனுமதிச்சா குளிருக்கு 0டபிள்யூ சின்தடிக் போடுங்க.

கூலன்ட் பாதிக்குப் பாதி தண்ணி கலந்தா மைனஸ் 37 வரை தாங்கும். முழுசா கூலன்டே ஊத்துனா இன்னும் நல்லதுன்னு நெனைக்காதீங்க, தனியா இருந்தா அது மைனஸ் 12, 13லயே உறையும், தண்ணியோட சேந்தாத்தான் அந்த சக்தி. ரேடியேட்டர்ல வெறும் பச்சைத்தண்ணி ஊத்துற நம்ம ஊர் பழக்கம் இங்க வந்தா எஞ்சின் பிளாக்கே வெடிச்சிடும்.

டீசல் ட்ரக் வாங்கலாமா?

ட்ரெய்லர் இழுக்குற வேலை இருந்தா வாங்குங்க, இல்லன்னா எதுக்கு இந்த வம்பு. டீசல்ல இருக்குற மெழுகு குளிர்ல திரிஞ்சு ஃபில்டர அடைச்சிடும், தேங்காண்ணெய் மார்கழில உறையுற மாதிரி. இங்க பெட்ரோல் பங்க்ல குளிர்காலத்துக்குன்னு வேற டீசல் வரும், அதனால இங்கயே அடிச்சா பிரச்சினை இல்ல. வான்கூவர் பக்கம் மெல்லிசு குளிருக்கு அடிச்ச டேங்கோட மலை ஏறி இங்க வந்து ராத்திரி நிறுத்துறவன்தான் காலைல மாட்டுவான், வழிலயே இங்கத்த டீசல் ஊத்திக் கலந்துடணும். டீசல் புகைய சுத்தம் பண்ண டெஃப்னு தனி டேங்குல ஊத்துற திரவம் மைனஸ் 11லயே உறையும், வண்டிலயே அதுக்கு ஹீட்டர் இருக்கு, பயப்பட வேணாம்.

கண்ணாடி, லைட் இதுக்கெல்லாம் என்ன பண்ணனும்?

வாஷர் தண்ணி மைனஸ் 40 போட்டதா பாத்து வாங்குங்க, வெயில்காலத்து நீலத்தண்ணி மிச்சம் இருந்தா தெளிச்சுத் தெளிச்சுத் தீத்துட்டு இத ஊத்துங்க. கண்ணாடில சுடுதண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விட்டுடும். கூரைல இருக்குற பனியையும் தள்ளணும், ட்ரக் உயரம், கை எட்டாதுன்னு விட்டுட்டுப் போனா பிரேக் போடும்போது மொத்தமும் முன் கண்ணாடில சரிஞ்சு ஒண்ணும் தெரியாது. நீள கைப்பிடி போட்ட ப்ரஷ் வாங்குங்க.

புது ட்ரக்ல எல்இடி ஹெட்லைட், வெளிச்சம் சூப்பர், ஆனா பழைய பல்பு மாதிரி முன்பக்கம் சூடு வராது, பனி ஒட்டுனா உருகாது. நீண்ட பயணத்துல நடுவுல எறங்கித் தொடச்சுத்தான் ஆகணும். பின் லைட்டும், ரிவர்ஸ் கேமராவும் அப்படித்தான்.

கதவு ரப்பர்ல சிலிகான் தடவி விட்டா ஒட்டாது. ஈரப்பனில ராத்திரி ஹேண்ட் பிரேக் இறுக்கிப் போட்டுட்டு போகாதீங்க, ஈரம் உறைஞ்சு புடிச்சுக்கும். சமதளத்துல பார்க்ல போட்டாலே போதும்.

ஸ்டெப்னி இருக்கே, அதுல என்ன பாக்கணும்?

இது யாருமே கேக்க மாட்டாங்க, நானே கேட்டுக்குறேன். பிக்கப்ல ஸ்டெப்னி தொட்டிக்கு அடியில ஒரு இரும்பு கேபிள்ல தொங்கும், பின் பம்பர் ஓட்டைல கம்பிய விட்டுச் சுத்துனா எறங்கும். பனி உருக ரோட்ல போடுற உப்பும் சேறும் பட்டு அந்த கேபிள் துருப்புடிச்சு இறுகிடும். எனக்கு காக்ரேன் பக்கம் மைனஸ் 24ல பஞ்சர், கம்பிய விட்டு சுத்துறேன் சுத்துறேன், டயர் ஒரு இஞ்ச் எறங்குச்சு, அப்புறம் அசையல. ஸ்டெப்னி கண்ணுக்கு முன்னாடி தொங்குது, கைக்கு வரல. ரெண்டு மணி நேரம் கழிச்சு டோ வண்டி வந்துச்சு. அக்டோபர்ல ஒரு தடவ எறக்கி, கிரீஸ் அடிச்சு, காத்து பாத்து ஏத்திடுங்க.

வண்டில என்னென்ன வச்சிருக்கணும்?

மடக்கு மண்வெட்டி, டோ ஸ்ட்ராப், ஜம்பர் கேபிள், கம்பளி, டார்ச், கையுறை ரெண்டு செட், கடலை மிட்டாய் மாதிரி கெட்டுப்போகாத திங்கிற சாமான், போன் சார்ஜர். இதெல்லாம் கேபின் உள்ள சீட்டுக்குப் பின்னாடி. தொட்டில வச்சா டெயில் கேட் உறைஞ்ச அன்னிக்கு கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கும் உங்க மண்வெட்டி.

டோ ஸ்ட்ராப்ப ட்ரெய்லர் மாட்டுற உருண்டைல மாட்டி இழுக்காதீங்க. அது உடைஞ்சா பீரங்கி குண்டு மாதிரி பறந்து வரும். ஃப்ரேம்ல இருக்குற கொக்கிலதான் மாட்டணும்.

ஹைவேல மாட்டி நின்னுட்டீங்கன்னா வண்டிய விட்டுட்டு உதவி தேடி நடந்து போகாதீங்க. மொதல்ல போய் சைலன்சர் கொழாய் வாய்ல இருக்குற பனிய தோண்டி எடுங்க, அடைச்சிருந்தா புகை கேபினுக்குள்ள வந்து தூக்கத்துலயே ஆள முடிச்சிடும். அப்புறம் மணிக்கு பத்து நிமிஷம் எஞ்சின் ஓட்டுங்க, காத்து வராத பக்க ஜன்னல ஒரு விரல்கடை எறக்கி வைங்க. டேங்க் எப்பவும் பாதிக்கு மேல. லேக் லூயிஸ்லேந்து ஜாஸ்பர் போற ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே 230 கிலோமீட்டர், குளிர்காலத்துல நடுவுல பெட்ரோல் பங்கே கெடையாது, பெரும்பாலான தூரம் போன் சிக்னலும் இருக்காது.

ஆல்பர்டால, அதாவது கால்கரி இருக்குற மாகாணத்துல, விண்டர் டயர் சட்டம் இல்லயே?

இங்க இல்ல. ஆனா பான்ஃப் தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியா எல்லைக்குள்ள போனா அக்டோபர் 1லேந்து மலைப்பாதைல விண்டர் டயர் கட்டாயம், ரோஜர்ஸ் பாஸ் மாதிரி எடத்துல ஏப்ரல் 30 வரைக்கும். எம் ப்ளஸ் எஸ்ஸும் சட்டத்துக்கு ஓகே, ஆனா பட்டன் ஆழம் 3.5 மில்லிமீட்டராவது இருக்கணும். க்யூபெக்ல டிசம்பர் 1லேந்து மார்ச் 15 வரை மலை படம் போட்ட டயர்தான். ஒன்டாரியோல கட்டாயம் இல்ல, ஆனா போட்டா இன்சூரன்ஸ் கொறைக்கணும்னு 2016லேந்து இருக்கு, அங்க இருக்குற நம்மாளுங்க பாதிப்பேரு கேக்கவே மாட்டேங்குறாங்க, போன் பண்ணிக் கேளுங்க.

ஓட்டும்போது?

குரூஸ் கன்ட்ரோல தொடாதீங்க. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம பாக்குற ஏபிஎஸ் கால்ல குடுகுடுன்னு அதிரும், பயந்து கால எடுக்காதீங்க, அழுத்திப் புடிங்க. வாலு ஒதுங்குனா ஆக்சிலேட்டர விட்டுட்டு, போக வேண்டிய பக்கம் பாத்து ஸ்டியரிங் புடிங்க. தெருவ விட்டு வெளிய போறதுக்கு முன்ன ஆளில்லாத எடத்துல ஒரு தடவ மெதுவா பிரேக் போட்டுப் பாத்தீங்கன்னா அன்னிக்கு ரோடு எப்படின்னு தெரிஞ்சிடும். பாலத்து மேல மொதல்ல உறையும், அடியிலயும் குளிர் காத்துல்ல.

துரு?

ஒன்டாரியோ அளவுக்கு இங்க உப்பு இல்ல, கல்லும் மணலும்தான் அதிகம், அதனால முன் கண்ணாடிதான் பலியாகும். இருந்தாலும் ஃப்ரேமுக்கும் பிரேக் கொழாய்க்கும் வருஷா வருஷம் ஆயில் ஸ்ப்ரே அடிச்சிடுங்க. கழுவுறது சினூக் அடிக்கிற நாள்ல, ஊரே அன்னிக்குத்தான் கியூல நிக்கும். மைனஸ் 25ல கழுவிட்டு வந்து நாலு கதவும் தொறக்காம ஜன்னல் வழியா ஏறுன ஆள எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன், என் மச்சான்.

எப்ப எல்லாத்தையும் கழட்டுறது?

ஏப்ரல்ல வெயில் பாத்து ஏமாறாதீங்க, இங்க மே லாங் வீக்கெண்டுலயும் பனி கொட்டிருக்கு. காலை டெம்பரேச்சர் தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல நின்னா டயர மாத்தலாம். மணல் மூட்டையையும் அன்னிக்கே எறக்கிடுங்க, வெயில்ல பிளாஸ்டிக் பை மக்கி ஓட்டையாகி தொட்டி பூரா மணலாயிடும். நான் எறக்குனத கராஜ் ஓரத்துலதான் அடுக்குவேன், போன வருஷம் ரெண்டு மூட்டை கொறஞ்சுது, தேடிப் பாத்தா எம்பொண்ணு பின்பக்கம் கொட்டி வீடு கட்டிட்டு இருக்கா.